பூட்டிய வீட்டு நாற்காலிகள்: செட்டிநாட்டுப் பங்காளிகளுக்கு ஒரு திறந்த மடல்

செட்டிநாட்டு ஊர்களின் பூர்விக வீடுகளில் பங்குடைய அன்பர்களுக்கு,

சென்னையிலும் கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும், கடல் கடந்து சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் குடியமர்ந்து, முன்னோர் வழிபாடாகிய படைப்புக்கென்றோ கோயில் திருவிழாவுக்கென்றோ கல்யாணத்துக்கென்றோ ஊர் வந்து, பூட்டைத் திறந்து, தூசி தட்டி, இரண்டு மூன்று நாள் புழங்கிவிட்டு மறுபடியும் பூட்டிச் செல்லும் உங்களிடம், அந்த வீட்டுக்குள்ளே இருக்கும் மரச்சாமான்களைப் பற்றி ஒரு விண்ணப்பம் செய்துகொள்ள விரும்புகிறேன். நான் உங்கள் குலத்தில் பிறந்தவன் அல்லேன். உங்கள் வீடுகளில் எனக்கு எவ்விதப் பாத்தியதையும் இல்லை. மரவேலையையும் துணிவேலையையும் நெடுங்காலம் நேசித்து, தச்சர் பட்டறையிலும் தையற்காரர் கடையிலும் காத்திருந்து, இவற்றில் நல்லது எது, நாள்பட நிற்பது எது என்று ஓரளவு கண்டுகொண்டவன் என்ற ஒரே உரிமையில் இதை எழுதுகிறேன்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழஞ்சாமான் கடைகள் வரிசையாக இருப்பது நீங்கள் அறிந்ததே. ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து அடுக்கிய பிரம்பு நாற்காலிகள், ரசம் போன பெல்ஜியம் கண்ணாடி பதித்த அலமாரிகள், இரும்புப் பட்டை போட்ட பெட்டகங்கள், சாய்மேசையோடு கூடிய கணக்குப்பெட்டிகள், எனாமல் தூக்குகள், ரவிவர்மா அச்சுப்படங்கள் என்று ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாகச் சேர்த்தது அங்கே ஒரே மாலையில் சுற்றிப் பார்க்கும்படி வெளியே வந்து நிற்கிறது. கடைக்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன். விறகுக்குப் போயிருக்க வேண்டிய எத்தனையோ சாமான்களை அவர்கள் விலை கொடுத்து வாங்கிக் காப்பாற்றியிருக்கிறார்கள். எந்த மரம் எது, எந்த வேலை எந்தக் காலத்தது என்ற ஞானம் இன்று அவர்களிடம்தான் மிகுதியாக இருக்கிறது. என் வருத்தம் எல்லாம், அந்தச் சாமான்கள் தமக்கு உரிய வீட்டாரின் கையிலிருந்து, அவர்கள் ஒரு தடவைகூட உட்கார்ந்து பாராமலே, நழுவிப் போகின்றனவே என்பதுதான்.

காரணமும் தெரியாதது அன்று. ஒரு வீட்டுக்கு இருபது முப்பது பங்கு ஏற்பட்டுவிட்ட இந்நாளில், ஓர் அலமாரியை முப்பதாகப் பிரிக்க முடியாது. அதை விற்ற பணத்தைப் பிரித்துவிடலாம். யாரோ ஒருவர் எடுத்துக்கொண்டால் மற்றவர்க்கு மனத்தாங்கல் வருமோ என்ற தயக்கத்தால், ஒருவரும் எடுக்காமல் வைத்திருந்து, கறையான் ஒரு பக்கமும் மழைக்கசிவு ஒரு பக்கமும் தின்ற பிறகு, மிஞ்சியதை வந்த விலைக்குத் தள்ளிவிடும் வழக்கம் ஊருக்கு ஊர் பரவிவிட்டது. இதற்கு மேல், நகரத்து அடுக்குமாடி வீட்டில் இந்தப் பெரிய சாமான்களுக்கு இடமில்லை, அவை இருட்டடிக்கும், உட்கார்ந்தால் உடம்பு வலிக்கும், குழந்தைகள் இருக்கும் வீட்டில் அழுக்கேறிவிடும் என்ற அபிப்பிராயமும் உங்களில் இளையவர்களிடம் வேரூன்றியிருக்கிறது. பங்கு விவகாரத்தைத் தீர்க்க என்னால் ஆகாது. பின்னால் சொன்ன அபிப்பிராயம் தவறென்று மட்டும் என்னால் காட்ட முடியும். அதற்கு எனக்கு வேண்டிய சாட்சி, நன்றாகத் தைத்த ஒரு துணியுறை.

முதலில் உங்கள் கையில் இருப்பது என்ன என்பதை நினைவூட்டுகிறேன். சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலும் அதற்கு முந்திய ஐம்பது ஆண்டுகளிலும் உங்கள் முன்னோர் ரங்கூனில் கடை வைத்து, ஐராவதிப் பள்ளத்தாக்கு முழுவதும் லேவாதேவி நடத்திப் பொருள் ஈட்டிய காலத்தில், பர்மாத் தேக்கு கப்பலேறி வந்து உங்கள் முகப்பில் தூணாகவும், வளவைச் சுற்றி உத்தரமாகவும், இரண்டாம் கட்டில் கதவாகவும் நின்றது. அதே மரம்தான் நாற்காலியும் கட்டிலும் ஆயிற்று. 1930-களின் பொருளாதார மந்தமும், 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பும், அதன்பின் சுதந்திர பர்மா கொண்டுவந்த நிலச் சட்டங்களும் அந்த வருமானத்தை நிறுத்தின. வீடுகள் கட்டியபடியே நிற்க, அவற்றைப் பராமரிக்கும் பொருள் வற்றிப்போயிற்று. 2014-ஆம் ஆண்டில் மியான்மர் அரசு அறுக்காத மரத்தை ஏற்றுமதி செய்வதையே தடை செய்துவிட்டது. முதிர்ந்த காட்டுத் தேக்கின் நெருங்கிய இழையும், எண்ணெய்ப் பசையும், கறையான் எளிதில் அண்டாத உறுதியும், இப்போது தோட்டங்களில் வளர்த்து விரைவில் வெட்டப்படும் தேக்கில் அந்த அளவுக்கு இருப்பதில்லை. ஆகவே உங்கள் வீட்டு மூலையில் கவிழ்ந்து கிடக்கும் நாற்காலி, இனி எந்தத் தச்சரிடம் எவ்வளவு பணம் கொடுத்தாலும் அதே மரத்தில் கிடைப்பது அரிது. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் அதே 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறியிருக்கின்றன. கட்டடத்துக்கு அந்தக் கௌரவம் வரும்போது, உள்ளே இருந்தவை தெருவுக்கு வருவது பொருத்தமாக இல்லை.

ஒரே ஒரு சாமானைக் கிட்ட நின்று பாருங்கள். கைகள் நீண்டு, அவற்றின் அடியில் மடங்கிக் கிடக்கும் இரண்டு பலகைகளை முன்னே திருப்பிவிட்டால் கால் நீட்டிப் படுக்கும்படி அமைந்த சாய்வு நாற்காலி பெரும்பாலான வீடுகளில் ஒன்றாவது இருக்கும். அதைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். மேலே வழவழவென்று இழைத்த தச்சர், கண்ணுக்குத் தெரியாத இந்த இடத்தில் இழைப்புளியின் அலைகளை அப்படியே விட்டிருப்பார். விரலால் தடவினால் சிறு பள்ளங்கள் படும். இயந்திரத்தில் அறுத்த மரத்தில் இந்த அலை இராது. காலும் சட்டமும் சேரும் இடத்தில் ஆணித் தலை தெரியாது. கழுந்தைத் துளையில் இறுக்கி, குறுக்கே மூங்கில் முளை ஒன்று அடித்திருப்பார்கள். மரம் மழைக்காலத்தில் சற்றே பருத்தும் கோடையில் சுருங்கியும் அசைகிறபோது, இந்த மூட்டும் அதனோடு சேர்ந்து அசைந்து கொடுக்கும். இரும்பு ஆணி அடித்த மூட்டோ அந்த இடத்தில் மரத்தைப் பிளந்துவிடும். கையின் நுனியில், பல்லாண்டு காலமாக உள்ளங்கை பட்ட இடம் மட்டும் கறுத்து மின்னும். அதைத் தேய்த்து எடுத்துவிட்டுப் புதுச் சாயம் பூச வேண்டுமென்று ஒருவர் சொன்னால், அவரை அன்போடு திருப்பி அனுப்பிவிடுங்கள்.

நாற்காலிச் செல்வத்தில் நம் கடற்கரை எவ்வளவு முன்னே இருந்தது என்பதற்கு ஒரு செய்தி. 17-ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் கருங்காலி மரத்தில் பூவும் கொடியும் அடர்ந்து செதுக்கிய நாற்காலிகள் ஐரோப்பியர் கப்பல்களில் ஏறிப் போயின. நூறாண்டு கழித்து அவை எங்கிருந்து வந்தன என்பதே இங்கிலாந்தில் மறந்துபோயிற்று. ஹொரேஸ் வால்போல் என்ற பெயர்பெற்ற ரசிகர், அவை தம் நாட்டு டியூடர் மன்னர்களின் காலத்தவை என்று உறுதியாக நம்பி, ஸ்ட்ராபெரி ஹில் என்னும் தம் மாளிகையில் தேடித் தேடிச் சேர்த்து வைத்தார். தச்சருடைய பெயர் ஒன்றுகூட நமக்கு எஞ்சவில்லை.

உறையின் சரித்திரமும் அதே காலத்தைச் சார்ந்தது. 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பெருவீடுகளில், பட்டு வைத்துத் தைத்த ஆசனங்களை வெயிலும் தூசியும் கெடுக்காதபடி, கட்டம்போட்ட எளிய துணியில் கழற்றி மாட்டும் உறைகள் தைத்து மூடி வைத்திருந்து, பெரிய மனிதர் விருந்துக்கு வரும் நாளில் மட்டும் அவற்றை நீக்குவார்கள். தாமஸ் சிப்பெண்டேல் போன்ற புகழ்பெற்ற தச்சுப் பட்டறைக்காரர், உயர்ந்த நாற்காலிகளை அனுப்பும்போது உறைகளையும் சேர்த்தே அனுப்பினார்கள். நம் கரையில் எழுதிய சித்திரத் துணிகள் அந்நாட்டுப் படுக்கையறைகளையும் வரவேற்பறைகளையும் நிரப்பத் தொடங்கியபோது, உள்நாட்டு நெசவாளர்களின் கூக்குரலுக்கு இணங்கி, 1700-இலும் 1721-இலும் அவற்றுக்கு எதிராகச் சட்டமே இயற்றினார்கள். டேவிட் கேரிக் என்ற நாடக நடிகரின் கட்டிலுக்காக மசூலிப்பட்டினத்தில் தீட்டிய துணித்திரைகளைச் சுங்க அதிகாரிகள் கைப்பற்றிய கதை இதன் விளைவுகளில் ஒன்று. அந்தக் கட்டில் இன்று லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பழைய மரத்துக்கும் நல்ல பருத்திக்கும் உள்ள உறவில், மரம், துணி இரண்டுமே நம் பக்கத்திலிருந்து போனவை என்பதைச் சொல்லவே இதை எடுத்துக்காட்டினேன்.

நம் வீடுகளிலும் உறை போடும் வழக்கம் இல்லாமல் இல்லை. ரேடியோவுக்கும் பிற்பாடு டெலிவிஷனுக்கும் குரோஷாவில் பின்னிய மேலாடை போர்த்தியவர்கள் நாம். அலுவலக அதிகாரியின் நாற்காலி முதுகில் வெள்ளைத் துண்டு விரிப்பது இன்றும் உண்டு. உங்கள் ஆச்சிமார் தலையணை உறையின் ஓரத்தில் போட்ட பூவேலையைப் பெட்டகத்துக்குள் தேடினால் இப்போதும் காணலாம். ஆனால் மெத்தை வைத்த நாற்காலிக்கும் சோபாவுக்கும் என்று வரும்போது மட்டும், ரெக்சின் வாங்கிச் சுற்றிலும் குமிழாணி அடித்துவிடுவதோ, கடையில் விற்கும் இழுவைத் துணி உறையை மாட்டிவிடுவதோ, பிளாஸ்டிக் தாளால் மூடிவிடுவதோதான் வழக்கமாகிவிட்டது. மூன்றும் கெடுதல். குமிழாணி பழைய சட்டத்தை வரிசையாகத் துளைக்கும். அடுத்த முறை மாற்றும்போது அதன் பக்கத்திலேயே இன்னொரு வரிசை, மூன்றாவது முறை மரம் உதிரும். ரெக்சினும் பிளாஸ்டிக்கும் நம் புழுக்கத்தில் ஈரத்தை உள்ளே அடைத்து வைப்பதோடு, நாளடைவில் பாலிஷின்மேல் ஒட்டிக்கொண்டு அதை இளக்கியும்விடும். இழுவைத் துணி எந்த நாற்காலிக்கும் பொருந்துகிற காரணத்தாலேயே எந்த நாற்காலிக்கும் பொருந்துவதில்லை.

இனி உறை தைக்கும் விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். என் கடிதத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

எதற்கு உறை, எதற்கு வேண்டாம் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். முதுகில் செதுக்கு வேலை உள்ள நாற்காலியையும், முழுதும் பிரம்பு பின்னிய நாற்காலியையும் துணியால் மூடுவது அநியாயம். அவற்றுக்கு இருக்கையளவில் மெல்லிய திண்டு ஒன்று தைத்து, பின்கால்கள் இரண்டிலும் நாடாவால் கட்டிவிட்டால் போதும். உள்ளே இலவம் பஞ்சு வைப்பது உத்தமம். அது உடம்புச் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளாது, மாதம் ஒரு தடவை வெயிலில் போட்டால் மறுபடியும் பொம்மிக்கொள்ளும். முழு உறைக்குத் தகுதியானவை, முதுகும் இருக்கையும் பக்கமும் மெத்தை வைத்துத் தைத்த பழைய சோபாக்களும் கைநாற்காலிகளும். இவற்றின் பழைய பட்டோ வெல்வெட்டோ கிழிந்திருந்தாலும், அதைப் பிய்த்தெறியாமல், உள்ளே இருக்கும் தென்னை நாரையும் பஞ்சையும் மட்டும் சரிசெய்துகொண்டு, அதன்மேலேயே உறை மாட்டலாம். பழைய துணி உள்ளே பத்திரமாக இருக்கும். பிற்காலத்தில் யாரேனும் அதேபோல் நெய்விக்க விரும்பினால் மாதிரி அழியாமல் கிடைக்கும்.

துணிக்கு வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. சென்னிமலையிலும் கரூரிலும் நெய்யும் கனத்த பருத்தித் துணி, மலையாளக் கரையில் கண்ணூரில் நெய்யும் திரைத்துணி, இவை யாவும் உறைக்கென்றே பிறந்தவை. ஊஞ்சல் பலகைக்கும் நீண்ட பெஞ்சுக்கும் பவானி ஜமக்காளத்துக்கு இணை கிடையாது. 2005-இல் அதற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. உங்கள் காரைக்குடியின் கண்டாங்கிக்கு 2019-இல் அந்தக் குறியீடு கிடைத்தது. அரக்குச் சிவப்பும் மஞ்சளும் கறுப்பும் கட்டங்கட்டமாக ஓடும் கெட்டியான அந்தச் சேலை, கிழிந்தபின் பெட்டியில் கிடக்குமாயின், அதன் நல்ல பாகத்தை வெட்டி, காடாத்துணி உள்ளே வைத்துத் திண்டுறை தையுங்கள். தேக்கின் செம்பழுப்புக்கு அதைவிடப் பொருந்தும் நிறத்தை எந்தக் கடையிலும் காண மாட்டீர்கள். பெரிய சோபாவுக்கு என் தேர்வு எப்போதும் வெளுக்காத பருத்தியின் சந்தன நிறம்தான். இருண்ட மரத்தின் அருகே அது அறைக்கு வெளிச்சத்தைக் கொண்டுவரும். இளையவர்கள் அஞ்சும் இருட்டுக்கு இதுவே மருந்து.

துணி வீட்டுக்கு வந்தவுடன் கத்தரிக்கோலை எடுக்கக் கூடாது. கைத்தறித் துணியில் பாவுக்குப் போட்ட கஞ்சி இருக்கும். முதல் நனைப்பில் அது கரைந்து, துணி நீளத்தில் கண்கூடாகச் சுருங்கும். தைத்து முடித்த உறை முதல் சலவைக்குப் போய் வந்ததும் நாற்காலியில் ஏறாமல் நிற்பதற்கு இதுதான் காரணம். ஆகவே, ஓர் இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, அலசி, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே வெட்டத் தொடங்க வேண்டும். ஓரங்களில் உள்ளே வைத்துத் தைக்கும் கயிற்றையும் அப்படியே நனைத்துக் காயவைக்க வேண்டும் என்பதைப் பல தையற்காரர் மறந்துவிடுகிறார்கள். துணி சுருங்காமல் கயிறு மட்டும் சுருங்கினால் விளிம்பு முழுதும் நெளிந்து போகும். கைவைத்த மெத்தை நாற்காலி ஒன்றுக்கு அகலத் துணியில் 6 முதல் 7 கஜம் வரை செல்லும். கட்டத் துணியானால் கட்டங்களைச் சேர்ப்பதற்காக இன்னும் சற்றுக் கூடுதலாக வாங்கிக்கொள்வது விவேகம்.

அளவெடுத்துக் காகிதத்தில் வரைந்து தைத்த உறையைவிட, நாற்காலியின்மேலேயே துணியைப் போட்டு உருவாக்கிய உறை பல மடங்கு மேலானது. துணியின் உட்பக்கம் வெளியே தெரியும்படி முதுகின்மேல் விரித்து, பாவு இழை மேலிருந்து கீழாக நேரே ஓடுகிறதா என்று பார்த்து, நடுவில் ஒரு குண்டூசி குத்தி, அங்கிருந்து இரு பக்கமும் நீவிக்கொண்டே சென்று, ஒவ்வொரு வளைவிலும் ஊசியால் பிடித்து, சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, அதன்பின் தையலுக்கு ஒரு விரற்கடை விட்டு வெட்ட வேண்டும். ஒருவருக்கு ரவிக்கை தைப்பதுபோலவே, ஒவ்வொரு நாற்காலிக்கும் அதனதன் உடம்பு உண்டு. ஒரே பட்டறையில் ஒரே நாளில் செய்த ஜோடி நாற்காலிகளில்கூட இடத்தோள் வலத்தோள் வித்தியாசம் இருக்கும். முதுகும் இருக்கையும் சேரும் இடுக்கில் 4 அல்லது 5 அங்குலத் துணியை மடித்து உள்ளே செருகுவதற்கென்று விட்டுவிட வேண்டும். இதை விடாமல் தைத்த உறை, ஒருவர் உட்கார்ந்து எழுந்ததும் தூக்கிக்கொண்டு வந்துவிடும். துணியின் விசை முழுவதும் தையலின்மேல் விழுந்து ஆறே மாதத்தில் கிழியும். நம் ஊரில் தைக்கும் உறைகளில் மிகுதியாகக் காணும் குறை இதுவே. துணியை மிச்சம் பிடிக்க நினைத்து உறையையே இழக்கிறோம்.

கட்டமோ கோடோ உள்ள துணியானால், முதுகில் நடுவாக வரும் கோடு இருக்கையில் இறங்கி, முன்புறத்திலும் முறியாமல் தரைவரை ஓட வேண்டும். பார்ப்பவர்க்குக் காரணம் விளங்காவிட்டாலும், அது நேராக ஓடும் நாற்காலியில் கண் அமைதி கொள்ளும். ஓரங்களுக்குத் துணியைக் குறுக்காக வெட்டிய பட்டையில் கயிறு வைத்துப் பைப்பிங் கொடுத்தால், தையல் மறைவதோடு, அதிகம் உராயும் விளிம்பு உறுதிப்படும். பின்புறத்தில் திறப்பதற்கு ஜிப்பைவிட நான்கு ஜோடி நாடாவே எனக்கு உகந்தது. கெட்டால் வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம், சலவையில் துருப்பிடிக்காது. அடியில் பாவாடை வைப்பதானால், சுருக்கம் சுருக்கமாக வேண்டாம்; மூலைக்கு ஒரு மடிப்பு மட்டும் வைத்து, தரைக்கு இரண்டு விரற்கடை மேலே நிறுத்துங்கள். கடைசல் வேலை செய்த அழகான காலானால் பாவாடையே வேண்டாம், சட்டத்தின் கீழ்விளிம்போடு துணி முடியட்டும். எல்லாவற்றுக்கும் இரண்டு ஜோடி தைத்து வையுங்கள். ஒன்று வெளுக்கப் போகும்போது மற்றொன்று மாட்டலாம். குழந்தை பாலைக் கொட்டிவிட்டதென்று யாரும் யாரையும் கடிந்துகொள்ள வேண்டியதில்லை.

மரத்தைப் பற்றி மிகச் சில சொற்கள். பழைய சாமான்களுக்குப் பூசியது பெரும்பாலும் அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பந்தால் தேய்த்தேற்றிய பாலிஷ். அதில் ஓரிடம் வெளுத்தால் அந்த இடத்தை மட்டும் ஸ்பிரிட்டால் இளக்கி மறுபடி ஏற்றலாம். இக்காலத்துப் பி.யு. பாலிஷை ஒருமுறை அடித்துவிட்டால் அந்த வசதி போய்விடும். கீறல் விழுந்தால் முழுவதையும் சுரண்ட வேண்டும். தொய்ந்த பிரம்பிருக்கையை உடனே பிரித்துப் போடாதீர்கள். இழை அறாமல் இருந்தால், அடிப்புறத்தை வெந்நீரில் தோய்த்த துணியால் நன்றாக நனைத்து, ஒருவரும் உட்காராமல் இரவு முழுதும் உலரவிட்டால், காலையில் அது தானே இறுகியிருக்கும். அறுந்திருந்தால் பின்னுவதற்கு ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அரசு அலுவலகங்களின் நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்னும் தொழிலில் பார்வையற்ற கைவினைஞர்கள் நெடுங்காலமாக ஈடுபட்டு வருகிறார்கள், அவர்கள் விரலின் நுட்பத்துக்குக் கண்ணுடையவர் வேலை ஈடாவதில்லை. காலடியில் மெல்லிய மாவு கொட்டிக் கிடந்தால் மட்டும் தாமதிக்காதீர்கள். உள்ளே வண்டு உளுத்துக்கொண்டிருக்கிறது, மருந்து ஏற்றாமல் அதை நகர வீட்டுக்குக் கொண்டுபோனால் மற்ற மரத்துக்கும் பரவும்.

இனி அறையை அலங்கரிப்பது. உங்கள் நகர வீட்டை ஊர் வீட்டின் சிறு நகலாக ஆக்க முயலாதீர்கள். நாற்பதடி வளவில் கம்பீரமாக நின்ற பொருள்கள், பத்தடி அறையில் நெருக்கியடித்து நின்றால் அவற்றுக்கும் மரியாதை இல்லை, உங்களுக்கும் மூச்சு விட இடமில்லை. ஓர் அறைக்கு ஒரு பெரிய சாமான் போதும்: கண்ணாடி பதித்த அலமாரியோ, பெட்டகமோ, ஊஞ்சலோ. அதைச் சுற்றிச் சுவர் வெறுமையாக இருக்கட்டும். உறை போட்ட சோபா ஒரு புறமும், பிரம்பு நாற்காலிகள் இரண்டு மறு புறமும் போட்டு, இடையில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையோ வெறும் சிமெண்டுத் தரையோ கொஞ்சம் கண்ணுக்குத் தெரியும்படி விட்டுவிட்டால், அந்த அறை யார் வீடு என்பதைச் சொல்லிவிடும். கதவு நிலையை அறுத்துக் காப்பி மேசை செய்வதையும், தூணைக் குட்டையாக வெட்டி விளக்குத் தாங்கி ஆக்குவதையும் பல விடுதிகளிலும் வீடுகளிலும் பார்க்கிறேன். வெட்டியபின் அது மரம்தானே தவிர நிலையும் அல்ல, தூணும் அல்ல. முழுதாக இருப்பதை வெட்ட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

வெளிநாட்டில் இருக்கும் பங்காளிகளுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டைக் கடந்த கலைப்பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. அதற்குட்படாத பொருளென்று தொல்லியல் துறையிடம் சான்று பெற்ற பின்னரே கப்பலேற்ற வேண்டும். ஈட்டி மரச் சாமானாக இருந்தால், 2017 முதல் பன்னாட்டு வாணிபத்தில் அந்த மரத்துக்கென விதித்த கட்டுப்பாடுகளும் சேர்ந்துகொள்ளும். ஆதலால் அத்தகையவற்றை உள்நாட்டில் இருக்கும் சகோதரர் வீட்டில் வைப்பதே சௌகரியம்.

அடுத்த படைப்புக்கு வீடு திறக்கும்போது, சடங்கு முடிந்து எல்லோரும் பட்டாலையில் உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு பிற்பகலை இதற்கென்று ஒதுக்குங்கள். அறை அறையாகச் சென்று சாமான்களை ஒரு நோட்டில் எழுதி, எது எந்த மரம், எது யார் கல்யாணத்துக்கு வந்தது என்று பெரியவர்களைக் கேட்டு அதன் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் போனபின் அதைச் சொல்ல யாரும் இரார். பிறகு வேண்டுமானால் சீட்டுக் குலுக்கிப் போட்டு, ஆளுக்கு ஒரு நாற்காலியாவது எடுத்துச் செல்லுங்கள். வேண்டாம் என்று எல்லோரும் மனமொப்பிச் சொன்னவை மட்டும் வியாபாரியிடம் போகட்டும். எடுத்துச் சென்றதை ஒரு மூலையில் பார்வைக்கு வைக்காமல், இந்தக் கடிதத்தில் சொன்னபடி ஒரு நல்ல உறை தைத்து மாட்டி, தினந்தோறும் அதில் உட்காருங்கள். உங்கள் குழந்தைகளையும் உட்கார வையுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் நலம் விழையும்
ஓர் அன்பன்